ஆக்சிமீட்டர் விற்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ கடை போட்டு, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை விற்க நினைப்பவர் முதலில் 2021-ஐ மறந்துவிட வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில் கேட்ட விலைக்குப் போன சரக்கு அது. அந்த ஜூலையிலேயே மத்திய அரசு விற்பனை லாபத்துக்கு 70 சதவீத வரம்பு கட்டியது. அன்று வாங்கிய கருவிகள் பல வீட்டு அலமாரிகளில் பேட்டரி கசிந்து, சுருள்கம்பியில் பச்சை பூத்துக் கிடக்கின்றன. அதே மலிவுச் சரக்கை மறுபடியும் அடுக்கினால் யார் வாங்குவார்கள்?

பெரிய தவறு, கடைக்காரர் தன் விரலில் மாட்டி 99 காட்டி விற்பது. நல்ல உடம்புக்காரர் விரலில் மட்டமான கருவியும் 98, 99 காட்டிவிடும். நோயாளியின் அளவு 85-க்கு இறங்கும்போதுதான் சாயம் வெளுக்கும். சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரல் வழியே செலுத்தி, இரத்தம் உறிஞ்சியதுபோக எவ்வளவு வருகிறது என்று கருவி கணக்கிடுகிறது. தன்னார்வலர்களின் ஆக்சிஜன் அளவை ஆய்வகத்தில் 70 சதவீதம் வரை இறக்கி, இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டால்தான் அந்தக் கணக்கு சரியா என்று தெரியும். அந்த அறிக்கையைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கும் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்காதீர்கள். விரலுக்குப் பதில் பென்சிலைச் செருகி, எண் காட்டினால் போலி என்று சொல்லும் வித்தை வாட்ஸ்அப்போடு போகட்டும். அதில் தேறிய கருவி 85-ஐச் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தோல் நிறத்தையும் யாரும் கேட்பதில்லை. கருவி 92 முதல் 96 வரை காட்டும்போதே உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருப்பது, கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் விரலுக்கு இது பொருந்தாதா? நம் நிறத்தவரிடம் சோதித்ததைக் காட்டும் தயாரிப்பாளருக்கு இங்கே நல்ல சந்தை காத்திருக்கிறது.

மருத்துவக் கருவி மட்டும் விற்கும் கடைக்கும் 2022-இல் வந்த விதிப்படி பதிவு வேண்டும். கடலூரும் புதுச்சேரியும் பக்கம்தான், ஆனால் நிர்வாகம் வேறு. இரண்டிலும் கடை என்றால் இரண்டு இடத்திலும் பதிவு.

லாபம் இனி நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடமும், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களிடமும், சிறு கிளினிக்குகளிடமும்தான். அவர்களுக்குக் குழந்தை விரலுக்கேற்ற புரோப் (விரலில் மாட்டும் உணரி), மாற்று புரோப், பழுதுபார்ப்பு தேவை. விற்கும்போதே சொல்லிக்கொடுங்கள்: நகப்பூச்சைத் துடைக்க வேண்டும், குளிர்ந்த கையைச் சூடாக்க வேண்டும், எண் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். புகை சூழ்ந்த அறையிலிருந்து மீட்டவருக்கு 98 காட்டினாலும் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு கலந்த இரத்தத்தையும் கருவி ஆக்சிஜன் நிறைந்ததாகவே காட்டும்.