258 நகர்வுகள் காணாமல் போன கதை

பொழுதுபோக்காக பைத்தான் நிரல்மொழியில் ஒரு செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், எழுதி வருகிறேன். நகர்வுகளை உருவாக்கும் பகுதி சரியா என்று பார்க்க பெர்ஃப்ட் சோதனையைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. தொடக்க நிலையிலிருந்து இத்தனை அடி (ஒரு பக்கம் ஆடும் ஒரு நகர்வு ஓர் அடி) ஆழத்தில் மொத்தம் எத்தனை ஆட்ட வரிசைகள் என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். முதல் நான்கு ஆழங்களுக்கு 20, 400, 8,902, 1,97,281 எல்லாம் அச்சாகப் பொருந்தின. ஐந்தாம் ஆழத்தில் 48,65,609 வர வேண்டும். எனக்கு வந்தது 48,65,351.

258 குறைவு. பைத்தானில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் கண்டபடி மாற்றிப் பார்க்க மனம் வரவில்லை. முதல் நகர்வு வாரியாக எண்ணிக்கையைப் பிரித்து ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல செஸ் எஞ்சின் தரும் எண்களோடு ஒப்பிட்டேன். 12 நகர்வுகள் பொருந்தின. சிப்பாய் இரண்டு கட்டம் பாயும் 8 நகர்வுகளில் மட்டும் குறைந்தது.

அங்கேயே புரிந்துவிட்டது: ஆன் பாசான். இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நிற்கும் எதிரிச் சிப்பாயை, அது தாண்டிய கட்டத்துக்குக் குறுக்காக நகர்ந்து உடனே வெட்டும் விதி அது. வெள்ளைச் சிப்பாய் ஐந்தாம் வரிசைக்கு வந்து அப்படி வெட்டுவது ஐந்தாம் அடியில்தான் முதன்முதலில் சாத்தியம். முந்தைய ஆழங்கள் எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காததும் அதனால்தான்.

பிழை ஒரே வரியில். சிப்பாய் தாண்டிய கட்டத்தைக் குறித்து வைப்பதற்குப் பதிலாக, அது போய் நின்ற கட்டத்தைக் குறித்திருந்தேன். புறப்பட்ட கட்டம், சேர்ந்த கட்டம் இரண்டின் எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுக்கட்டம் கிடைக்கும். அப்படி மாற்றி மறுபடி ஓட்டினேன். 48,65,609.

அப்புறம் அன்று இரவே ஆறாம் ஆழத்தை ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.