மண்டபத்தில் வீடியோ எடுக்கப் போகிறீர்களா? முதலில் ஷட்டரைப் பூட்டுங்கள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு மண்டபம். நண்பனின் தங்கைக்குக் கல்யாணம். சொந்தக் கேமரா வாங்கி நான் எடுத்த முதல் கல்யாண வீடியோ அதுதான். ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டு டிவியில் பென் டிரைவைச் செருகிவிட்டு எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நண்பனின் அப்பாரு கேட்டார்: "ஏங் கண்ணு, மழைத்தண்ணி எறங்குற மாதிரி கோடு கோடா ஓடுதே, அது என்ன?"

மணவறை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மெதுவாக மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தன. எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் எனக்கு அது தெரியவே இல்லை. எடிட்டிங்கில் முழுதாகச் சரிசெய்யவும் முடியவில்லை. எத்தனையோ சினிமாப் படப்பிடிப்பு நடந்து 'மினி கோடம்பாக்கம்' என்று பெயர் வாங்கிய ஊர் அது. அங்கே போய் நான் எடுத்துவந்த லட்சணம் இது.

அதனால் இந்தப் பதிவில் கேமரா எது வாங்கலாம், லென்ஸ் எப்படி மாட்டுவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. கேமராவை மேனுவல் மோடில் வைக்கத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முந்தின நாள் ராத்திரி, வீட்டிலேயே

மெனுவில் பால், என்டிஎஸ்சி என்று இரண்டு இருக்கும். பால் என்றால் காலையில் வாசலுக்கு வருகிற பால் இல்லை, வீடியோ முறையின் பெயர். நமக்கு வேண்டியது அதுதான். அதை வைத்தால்தான் நொடிக்கு 25, 50, 100 என்று பிரேம் (படம்) கணக்கு கிடைக்கும். என்டிஎஸ்சியில் இருந்தால் 30, 60, 120 என்று காட்டும். வெளிநாட்டிலிருந்து மச்சான் வாங்கிவந்த கேமரா, செகண்ட் ஹேண்ட் கேமரா என்றால் கட்டாயம் இதைப் பாருங்கள். என்னுடையது செகண்ட் ஹேண்ட்.

இதை ஏன் வீட்டிலேயே செய்யச் சொல்கிறேன் என்றால், சில கேமராக்களில் இந்த முறையை மாற்றியதும் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். மாப்பிள்ளை அழைப்பை எடுத்து முடித்துவிட்டு மண்டபத்தில் வைத்து மாற்றினால், கார்டில் இருப்பதை என்ன செய்வீர்கள்?

மண்டபத்துக்குள் போனதும் ஷட்டர்

என் தலையில் இடி விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதால் டியூப் லைட், மலிவான எல்இடி, சீரியல் செட் எல்லாம் நொடிக்கு 100 முறை மின்னி மங்கும். கண்ணுக்கு அது தெரியாது. கேமராவின் சென்சாரோ படத்தை ஒரே அடியாகப் பிடிப்பதில்லை. மேல் வரியில் ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகக் கீழே வாசித்துக்கொண்டு போகும். ஷட்டர் 1/60 நொடி என்றால் ஒரு வரிக்கு ஒன்றே முக்கால் துடிப்புக்குக் கொஞ்சம் குறைவாக வெளிச்சம் கிடைக்கும். முழுத் துடிப்பாக இல்லாததால் ஒரு வரிக்குக் கூடவும் இன்னொரு வரிக்குக் குறையவும் விழும். அதுதான் பட்டை. 1/50 வைத்தால் எந்த வரிக்கும் சரியாக இரண்டு துடிப்பு. 1/100 வைத்தால் சரியாக ஒன்று. எல்லா வரிக்கும் ஒரே பங்கு என்பதால் பட்டை வராது.

ஆக, 25 பிரேமுக்கு 1/50. ஸ்லோ மோஷனுக்கு 50 பிரேம் என்றால் 1/100. 100 பிரேம் வரைக்கும் அதே 1/100தான். 120 பிரேமை மண்டபத்துக்குள் தொடவே வேண்டாம், அதில் 1/100 வைக்க வழியில்லை. வெளியே வெயிலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் ஆட்டோவில் இருந்தால் மணப்பெண் வெளிச்சத்துக்கு வந்ததும் தானாக 1/250க்கு ஓடிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

பின்னாளில் சினிமா யூனிட்டில் கேமரா உதவியாளராகச் சேர்ந்தால் அங்கே இதையே ஷட்டர் கோணம் என்று டிகிரியில் பேசுவார்கள். ஒரு பிரேமின் முழு நேரமும் திறந்திருந்தால் 360 டிகிரி. 24 பிரேமுக்கு 180 டிகிரி என்றால் 1/48. டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது அதை 172.8 டிகிரிக்கு இறக்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 1/50தான் வரும்.

எந்த லைட் தொல்லை தரும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. ஷட்டரை வேண்டுமென்றே 1/1000க்கு ஏற்றி, மணவறையின் ஒவ்வொரு லைட்டையும் கேமராவில் பாருங்கள். மின்னுகிற லைட் பட்டை பட்டையாகக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு 1/50க்கு வந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அடங்காத லைட் இருந்தால் டெக்கரேஷன்காரரிடம் சொல்ல வேண்டியதுதான். பெருந்துறையில் ஒருமுறை சொன்னேன். "ஏனுங் தம்பி, லைட்டு நல்லாத்தானுங்க எரியுது?" என்றார். "கண்ணுக்கு நல்லாத்தானுங்ண்ணா இருக்குது, கேமராவுக்குத்தான் ஆகறதில்லைங்" என்று திரையைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவரே கழற்றி ஓரத்தில் மாட்டிவிட்டார். வாயால் சொல்வதைவிடத் திரையைக் காட்டுவது மேல்.

வெளிச்சம்

ஷட்டரைப் பூட்டிவிட்டால் கையில் மிச்சம் இருப்பது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். உள்ளே அது போதும். வெளியே மொட்டை வெயிலில் போதாது. ஐஎஸ்ஓ 100, 1/100 என்றால் எஃப் 16 வேண்டியிருக்கும் வெயில் அது. நீங்கள் எஃப் 2.8இல் 1/50 வைக்க ஆசைப்பட்டால் ஆறு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), அதாவது வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடி, என்டி 64 பில்டர். திருகிக் கூட்டிக் குறைக்கிற வகையில் மலிவானதை வாங்காதீர்கள். கடைசி வரை திருகினால் படத்தில் பெருக்கல் குறி மாதிரி நிழல் விழும். நான் இரண்டு வாங்கி வீணாக்கிவிட்டு இப்போது திருகாத பில்டர்தான் வைத்திருக்கிறேன்.

நம் பக்கக் கல்யாணத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. முன்வரிசை முழுக்க வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆட்டோ எக்ஸ்போஷர் அந்த வெள்ளையைப் பார்த்து 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவுகட்டிப் படத்தை இருட்டாக்கிவிடும். மாமன் மச்சான் முகமெல்லாம் கறுத்துப் போகும். குறிப்பிட்ட வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் திரையில் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ராவை 70இல் வைத்து, மாநிற முகத்தில் வெளிச்சம் படும் பக்கம் லேசாகக் கோடு தெரிகிற அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். வேட்டி கொஞ்சம் வெளுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். மணவறை இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து கஸ்டம் எடுத்துக்கொள்ளுங்கள். தாள் இல்லையே என்று யாருடைய வேட்டியையாவது காட்டிவிடாதீர்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி அது. கேமரா அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பி மற்றதையெல்லாம் மஞ்சளாக்கிவிடும். ஏற்கெனவே மஞ்சள் பூசிய முகம், கேட்கவா வேண்டும்!

கார்டும் நேரமும்

4கேவில் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரத்துக்குக்கூட வராது. வி30 (நொடிக்கு 30 மெகாபைட்டாவது எழுதும்) என்று போட்ட கார்டு போதும், அதற்குமேல் காசு கொடுக்க வேண்டாம்.

பழைய ஸ்டில் கேமரா வகையில் வீடியோ எடுப்பவர்கள் கவனிக்க: 29 நிமிடம் 59 நொடியில் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். கேமரா கெட்டுப்போகவில்லை. 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவுசெய்தால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் வரி போட்டார்கள், அதற்காகக் கம்பெனிகள் வைத்த தடை. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் நீங்களே நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள். தாலி கட்டுவதை ரீடேக் கேட்க முடியாது.

எங்கே நிற்பது

அருமைக்காரரிடம் முன்கூட்டியே போய், "தாலி கட்டறப்ப நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க?" என்று கேட்டுவிடுங்கள். சடங்கு நடத்துபவர் அவர். அவர் முதுகுதான் பலருடைய வீடியோவில் கதாநாயகன். இணைச்சீர் என்கிற சடங்குக்கு மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூட இருப்பார், எல்லாம் தாழ்வாக நடக்கும். நீங்களும் உட்கார்ந்துவிடுங்கள். மங்கல வாழ்த்து பாடும்போது மட்டும் கேமராவை ஒரு பக்கமும் திருப்பாமல் முழுதாக எடுங்கள். பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

கேமரா ஆடாமல் பிடிக்கிற மோட்டார் வைத்த கைப்பிடி, கிம்பல், வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. நாலு மணி நேரம் தூக்கினால் கை நடுங்கும், கூட்டத்தில் இடிபடும். நல்ல மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) ஒன்று போதும். எந்த ஷாட்டையும் பத்து நொடிக்குக் குறையாமல் பிடியுங்கள்.

சத்தம்: நாதஸ்வரம் வாசிக்கும்போது லெவலைப் பார்த்து வைத்தால் ஏமாந்துபோவீர்கள். கெட்டிமேளத்தில் அது இரட்டிப்பாகும். முதல் கெட்டிமேளம் வரும்போது பார்த்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

காங்கேயத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். 1/50தான் வைத்தாராம், நடுவில் திடீரென்று பட்டை வந்ததாம். விசாரித்தால், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. ஜெனரேட்டர் வேகம் ஏறி இறங்கினால் 50 ஹெர்ட்ஸ் நிலையாக நிற்காது, பட்டை மெல்ல ஊர்ந்து வரும். கேமராவில் ஷட்டரை 50.0, 50.3 என்று நுணுக்கமாக மாற்றும் வசதி இருந்தால் பட்டை நிற்கிற இடம் வரை நகர்த்திப் பாருங்கள். இல்லாவிட்டால் கரண்ட்டில் எரியாத லைட் ஒன்று வேண்டும். நான் இப்போது பேட்டரியில் எரிகிற எல்இடி லைட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அதையும் வாங்குவதற்கு முன் கடையிலேயே 1/1000 வைத்துச் சோதித்துவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அதற்கும் இதே நுணுக்க வசதிதான். அந்தத் திரை மின்னுவதற்கும் நம் கரண்ட் கணக்குக்கும் சம்பந்தமில்லை, 1/50 உதவினால் உங்கள் அதிர்ஷ்டம். உதவாவிட்டால் திரை பின்னணியில் வராத பக்கமாக ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள்.