கோ ஆடும் செய்நிரல் முடிவில்லாமல் சுற்றுகிறதா? இப்படித் திருத்துங்கள்

சனிக்கிழமைகளில் கல்லடியில் உயர்தரப் பிள்ளைகள் சிலரோடு பைதனில் கோ (Go) விளையாட்டு எழுதிப் பார்க்கிறோம்: 19க்கு 19 கோட்டுப் பலகையின் புள்ளிகளில் இருவர் கறுப்பு, வெள்ளைக் காய்களை மாறி மாறி வைத்து, சூழப்பட்ட எதிரிக் காய்களை வெட்டி எடுக்கும் ஆட்டம். போன மாதம் இரண்டு செய்நிரல்களை மோதவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் வந்து பார்த்தால் அதே ஆட்டம் இன்னும் ஓடுகிறது: மூன்று மூலைகளில் மூன்று கோ (இது ko, ஆட்டத்தின் பெயரல்ல; இருவரும் ஒற்றைக் காயை மாறி மாறி வெட்டிக்கொண்டே இருக்கக்கூடிய இடம்), ஆறு காய் வைத்ததும் பலகை பழைய நிலைக்கே வந்துவிடுகிறது.

படி 1: சாதாரண கோ. வைத்த காய் எதிரியின் ஒரே காயை வெட்டி, தானும் தனியாக, பக்கத்தில் ஒரே வெற்றுப் புள்ளியோடு நின்றால், அந்தப் புள்ளியை எதிராளியின் அடுத்த முறைக்கு மட்டும் தடுத்துவிடுங்கள். இதற்கு ஒரு மாறி போதும். ஆனால் மூன்று கோ இதற்குள் அகப்படாது.

படி 2: சூப்பர்கோ, அதாவது முழுப் பலகையும் முன்பிருந்த எந்த நிலைக்கும் திரும்பக் கூடாது. அதற்காக ஒவ்வொரு முறையும் பழைய பலகைகளையெல்லாம் புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டாம், 1970இல் கணினி அறிஞர் ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் சொன்ன அழகான வழி இருக்கிறது. 361 புள்ளி, இரண்டு நிறம், ஆக 722 எழுமாற்று எண்கள், ஒவ்வொன்றும் 64 பிட். காயை வைத்தால் அதன் எண்ணைப் பலகையின் எண்ணோடு எக்ஸ்ஓஆர் (XOR, பைதனில் ^) செய்யுங்கள், எடுத்தாலும் அதையேதான்; ஒரே எண்ணை இரண்டு முறை எக்ஸ்ஓஆர் செய்தால் பழைய எண்ணே திரும்பும். பலகை எந்த வழியால் அந்த நிலைக்கு வந்தாலும் எண் ஒன்றுதான்! இந்த எண்களை ஒரு செட்டில் (பைதனின் set) போட்டுவையுங்கள்; புதிய எண் ஏற்கெனவே அதில் இருந்தால் அந்தக் காயை மறுக்க வேண்டும்.

படி 3: வெட்டுப்பட்ட காய்களை எடுத்த பிறகுதான் எண்ணைத் தேட வேண்டும், பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். அப்புறம், 'பாஸ்' சொன்னால் பலகை மாறாது, அதைச் சோதிக்காமல் விடுங்கள்.

படி 4: எந்த விதி? ஜான் டிராம்ப், பில் டெய்லர் இருவரும் சுருக்கமாக எழுதிய டிராம்ப்-டெய்லர் விதியில், சூப்பர்கோவுக்குப் பலகை மட்டுமே கணக்கு, அடுத்து யாருடைய முறை என்பது கணக்கில்லை. டீப்மைண்டின் கோ செய்நிரலான ஆல்பாகோ ஜீரோவும் அதில்தான் தன்னோடு தானே ஆடிப் பழகியது. ஜப்பானிய விதியில் சூப்பர்கோ இல்லை, இப்படிச் சுற்றினால் ஆட்டம் வெற்றி தோல்வி இல்லை என்று நிறுத்தப்படும். தொடங்குபவர்களுக்கு நான் டிராம்ப்-டெய்லரைத்தான் சொல்வேன்.

படி 5: செய்நிரல் அடுத்த நல்ல காயைத் தேடும்போது கவனம். ஒரே பலகைக்கு இரண்டு வழிகளில் வரலாம், ஆனால் வந்த வழியைப் பொறுத்துத் தடைப்பட்ட புள்ளிகள் வேறாக இருக்கும், ஆகவே முன்பு சேமித்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்தால் சில நேரம் தவறாகிவிடும். எழுமாற்றாக ஆடிப் பார்க்கும் ஆட்டங்களில் வேகம்தான் முக்கியம் என்பதால், படி 1ஐயும் ஓர் ஆட்டத்தில் வைக்கும் காய் எண்ணிக்கைக்கு ஓர் உச்ச வரம்பையும் வைத்தாலே போதும்.

சரி, சோதனை. மூன்று கோ உள்ள பலகையைக் கையால் அடுக்கி, அந்தத் தொடக்க நிலையின் எண்ணையும் மறக்காமல் செட்டில் சேர்த்துவிட்டு, மூன்றையும் வரிசையாக மாறி மாறி வெட்டுங்கள். ஆறாவது காயைச் செய்நிரல் மறுக்க வேண்டும்.