வயசானாக்களுக்கு வேன்ல சத்தி (வாந்தி) வராம இருக்க இஞ்சிச்சாறு, நுவரெலியா ஏற முன்னம் செய்யவேண்டியது

கொழும்புல இருந்து நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கிற சீதாஎலிய கோயிலுக்கு வேன் பிடிச்சுப் போறாக்களுக்குத்தான் இது. கித்துல்கல வரைக்கும் பெரிசா ஒண்டும் இல்ல, கினிகத்தேனைப் பக்கம் வளைஞ்சு வளைஞ்சு ஏறத் தொடங்கேக்கதான் பின்சீட்ல இருந்து "தம்பி கொஞ்சம் நிப்பாட்டப்பு" எண்டு சத்தம் வரும். கண் முன்சீட்டைப் பாக்குது, காதுக்குள்ள இருக்கிற பலன்ஸ் வளைவை உணருது, ரெண்டும் ஒத்துவரேல்ல எண்டா வயித்தப் பிரட்டும். அவ்வளவுதான் விஷயம்.

1. சாறு எடுக்கிறது

பெருவிரல் அளவு இஞ்சி, தோலை வடிவா சுரண்டுங்கோ (சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு எண்டு பழசுகள் சொல்லுறது இதைத்தான்). பிளெண்டர் வேண்டாம், தண்ணி விடாம அரையாது, தண்ணி விட்டா சாறு செத்துப்போகும். சின்ன ஸ்கிரேப்பர்ல துருவி துணில பிழியுங்கோ. பத்து நிமிஷம் அசைக்காம வச்சா அடியில வெள்ளையா மா மாதிரிப் படியும், அதை விட்டுட்டு மேல நிக்கிற தெளிவை மட்டும் ஊத்துங்கோ, இல்லாட்டி தொண்டையில கரகரக்கும். அதுல ஒரு தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி அரைக் கரண்டி, சீனி வருத்தம் இல்லாட்டி கொஞ்சம் தேன்.

ஆயுர்வேதத்தில சாப்பாட்டுக்கு முன்னம் இஞ்சித்துண்டில இந்துப்புத் தொட்டுச் சாப்பிடுற பழக்கம் இருக்கு, நல்லதுதான். ஆனா கட்டின பல்லு உள்ளாக்களுக்கு அந்த நார் பிளேட்டுக்கு அடியில போய் மாட்டிக்கொள்ளும், பிறகு சத்தியோட பல்லும் கையில. அவைக்குச் சாறு, இல்லாட்டி வேர்க்கொம்பு (சுக்கு) தூள் கால் தேக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணில. பிரெஷர் இருந்தா இந்துப்பும் உப்புத்தான், மறக்காதேங்கோ.

2. நேரம் (இங்கதான் எல்லாரும் சறுக்குறது)

வயித்தப் பிரட்டத் தொடங்கினாப் பிறகு இஞ்சி குடுத்து ஒரு பிரயோசனமும் இல்ல, அதுவும் சேர்ந்து வெளியில வரும். வேன் வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முன்னம் ஒருக்கா, அவிசாவளைல தேத்தண்ணிக்கு நிப்பாட்டேக்க இன்னொரு அரைக் கரண்டி. மலை ஏற முன்னம் அது வயித்துல இருக்கவேணும்.

ஆனா இஞ்சியை விடப் பெரிய பிரச்சினை வெறும் வயிறு. எங்கட மாமி ஒரு ரிப் எண்டா விடிய இருந்தே ஒண்டும் வாயில வைக்க மாட்டா, சாப்பிட்டா சத்தி வரும் எண்டு பயம், தண்ணி குடிச்சா டொய்லெட்டுக்கு எங்க நிப்பாட்டுறது எண்டு வெக்கம், ஆனா சீனிக் குளிசையை மட்டும் கடமைக்குப் போட்டுடுவா. அப்ப என்ன நடக்கும், சீனி இறங்கி வேர்த்து, கை நடுங்கி, குமட்டும், நாங்க அதை வேன் சத்தி எண்டு நினைச்சு இன்னும் இஞ்சியைக் குடுப்பம். ரெண்டு இடியப்பம், இல்லாட்டி கொஞ்சம் றஸ்க், எண்ணெய் இல்லாத சம்பல் இல்லாத சாப்பாடு கட்டாயம். நான் இப்ப முதல்லயே ட்ரைவர் தம்பியிட்ட சொல்லிடுவன், டொய்லெட்டுக்கு எங்கெங்க நிப்பாட்டுறது எண்டு மாமிக்குக் கேக்கிற மாதிரி. அதுக்குப் பிறகு அவ தண்ணி குடிக்கிறா.

3. வழியில

ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியை லேசா வறுத்து, சின்னத் துண்டு வேர்க்கொம்பு தட்டிப்போட்டு, ரெண்டு கப் தண்ணி ஒண்டாகக் கொதிக்கவிட்டு பிளாஸ்க்ல ஊத்துங்கோ. மிடறு மிடறாத்தான், கப் கப்பா இல்ல. வாயில ஒதுக்க ஒரு ஏலக்காய், கையில கீறின தேசிக்காய் மணக்க. மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் வெள்ளவத்தைலயே வாங்கலாம், மற்ற மருந்துச் சாமான் எண்டா புறக்கோட்டை கேபோஸ் லேன். பஸ்பங்குவ கசாயப் பக்கெட் வாங்கிக்கொண்டு போகாதேங்கோ, அது தடிமன் காய்ச்சலுக்கு.

வயசானாக்களுக்கு முன்சீட், ஹையேஸ்ல கடைசி சீட் வேண்டவே வேண்டாம். தூரத்து மலையைப் பாக்கச் சொல்லுங்கோ, ஃபோன்ல பேரப்பிள்ளையின்ட வீடியோ பாக்க விடாதேங்கோ. கோயில் வேன்ல டாஷ்போர்ட்ல மல்லிகைப்பூ மாலை, ஊதுபத்தி, அதுக்கு மேல எயார் பிரெஷ்னரும், போறது தரிசனத்துக்கு எண்டாலும் அந்த மணமே போதும் பிரட்ட, ஊதுபத்தியை மலை இறங்கினாப் பிறகு கொளுத்தச் சொல்லுங்கோ. சத்தி எடுக்க சிலி சிலி பேக்கும் (மெல்லிய பொலித்தீன் பை) கைக்கெட்டின இடத்தில இருக்கட்டும்.

4. யாருக்குக் குடுக்கக்கூடாது

இரத்தம் உறையாம இருக்க வாஃபரின் மாதிரிக் குளிசை போடுறாக்கள் கறியில போடுற இஞ்சி சரி, சாறாக் குடிக்க முன்னம் டொக்டரைக் கேளுங்கோ. தொண்டைக்கு இதம் எண்டு அதிமதுரம் சேர்க்கிறவையும் இருக்கினம், பிரெஷர்காரருக்கு அது கூடாது, பிரெஷரைக் கூட்டும். பார்மசில குடுக்கிற சத்திக் குளிசையும் சும்மா போடக்கூடாது, வயசானாக்களுக்கு அது நித்திரையும் தடுமாற்றமும் குடுக்கும், சிலருக்கு சலம் போறதும் கஷ்டமாகும்.

பிறகு சேர்த்தது: கஸ்ட்ரிக் உள்ள அம்மாவுக்கு சாறு நெஞ்செரிச்சலைக் குடுத்துது எண்டு ரெண்டு மூண்டு பேர் எழுதியிருந்தீங்க. அவைக்கு இஞ்சியும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம், மல்லித்தண்ணி தனிய, வேர்க்கொம்பு போடாம. இன்னொண்டு, முந்தி ஒருநாளும் வேன்ல சத்தி எடுக்காத ஆள் திடீரெண்டு எடுத்தா, அதோட நெஞ்சு இறுக்கம், வாய் கோணுறது, கதை குழறுறது இருந்தா இஞ்சி தேடிக்கொண்டு நிக்காதேங்கோ, 1990க்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ, நீங்க நிக்கிற இடம் எது எண்டு ட்ரைவரிட்ட ஃபோனைக் குடுத்துச் சொல்ல விடுங்கோ.