இரவுப் பயணத்துக்குப் பைக்கில் கூடுதல் விளக்கு: தேர்வும் பொருத்தும் முறையும்

கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், கரும்பு வெட்டும் பருவத்தில், பின்புறம் சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் ஊர்ந்து செல்லும் ஒரு டிராக்டர் டிரெய்லரை எவ்வளவு தூரத்துக்கு முன்பே நம்மால் கண்டுகொள்ள முடிகிறது என்பதுதான், பைக்குக்குக் கூடுதல் விளக்கு வாங்க நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி. எத்தனை வாட், எத்தனை லூமென், என்ன விலை என்பவை எல்லாம் அதற்குப் பிறகுதான். விளக்கின் தரத்தை அது எந்த இடத்தில் ஒளியைப் போடுகிறது என்பதைக் கொண்டும், எதிரே வருபவரின் கண்ணிலிருந்து அந்த ஒளியை எவ்வளவு விரைவாக விலக்க முடிகிறது என்பதைக் கொண்டும் மட்டுமே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூரக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. தடையைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால் அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக்குடன் நிற்க மேலும் 23 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 48 மீட்டர். இதே கணக்கில் 80 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 74 மீட்டரும் 100 கி.மீ. வேகத்துக்கு 106 மீட்டரும் தேவைப்படும். நம் ஊரில் ஓடும் பல பைக்குகளின் லோ பீம், நிறம் மங்கிய ஒரு பொருளைத் தெளிவாகக் காட்டுவது ஏறத்தாழ 40, 50 மீட்டர் வரைதான். ஹை பீம் போடும்போது தூரம் கூடும். ஆனால் எதிரே வண்டி வரும்போதெல்லாம் டிப் செய்தாக வேண்டும் என்பதால், போக்குவரத்து மிகுந்த சாலையில் பெரும்பாலான நேரம் நாம் லோ பீமில்தான் ஓட்டுகிறோம்.

கூடுதல் விளக்குக்குச் செலவழிக்கும் முன்பு, இருக்கும் ஹெட்லைட் தன் முழு ஒளியைத் தருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைப் பெரிதும் சார்ந்தது. பல்புக்கு வந்து சேரும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்துவிடும். பழைய வண்டிகளில் மெலிந்த வயரும் துருப்பிடித்த கனெக்டரும் தேய்ந்த சுவிட்சும் சேர்ந்து இந்த இழப்பை உண்டாக்குகின்றன. எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் பல்பு முனையிலும் வோல்ட்டை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அது ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால், ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே (பேட்டரியிலிருந்து நேராக மின்சாரத்தை அனுப்பும் மின்காந்தச் சுவிட்ச்) போடுவதே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம். ஹாலஜனுக்கென வடிவமைத்த ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும் ரிஃப்ளெக்டரின் கணக்கு குலைந்து, பக்கத்தில் வெளிச்சம் அதிகமாகத் தோன்ற, தூரம் இருண்டுவிடுகிறது, எதிரே வருபவருக்கும் கண் கூசுகிறது. கீறல் விழுந்த ஹெல்மெட் வைசரையும் மாற்றிவிடுங்கள். எந்த விளக்காலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

இருள் எங்கே இருக்கிறது?

இதன் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், போதாமை எந்தத் திசையில் என்பதைக் கவனிக்க வேண்டும். நான்குவழிச் சாலையில் தொலைவுதான் குறை. அங்கே ஒளியைக் குறுகிய கற்றையாக நெடுந்தூரம் அனுப்பும் ஸ்பாட் வகையோ, அதைவிடச் சற்று அகன்ற டிரைவிங் வகையோ பயன்படும். மலைச்சாலையில் நிலைமை வேறு. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் வேகம் 30 கி.மீ.க்கு மேல் போவதில்லை. அங்கே நூறு மீட்டருக்கு அப்பால் பாயும் ஒளி பள்ளத்தாக்கின் வெற்றிடத்தில்தான் விழும். பைக் வளைவில் சாயும்போது ஹெட்லைட்டின் ஒளிப்பரப்பும் வண்டியோடு சேர்ந்து சாய்வதால், நாம் திரும்பவிருக்கும் உள்பக்கம் இருண்டுபோகிறது. அந்த உள்பக்கத்தை நிரப்ப, கிடைமட்டமாக அகன்று விரியும் ஒளி வேண்டும். கிராமச் சாலையிலும் இதுவே பொருந்தும்: புதரிலிருந்து குறுக்கே வரும் மாடும், வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையும், விளக்கில்லாத சைக்கிளும் பெரும்பாலும் ஓரத்திலும் அருகிலும்தான் இருக்கின்றன.

எனவே ஒரு ஜோடி மட்டும் வாங்குவதென்றால், மேல் விளிம்பு கத்தரித்தாற்போல் நேராக முடியும் அகன்ற ஒளியுடைய விளக்கையே பெரும்பாலானோருக்குச் சொல்வேன். ஃபாக் லைட் எனப்படும் பனிமூட்ட விளக்குகளின் இயல்பு அதுதான். ஒளி மேலே எழும்பாததால் எதிரே வருபவருக்குத் தொந்தரவு குறைவு. நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் ஓட்டுகிறவர்கள் அதனுடன் ஒரு டிரைவிங் ஜோடியைச் சேர்க்கலாம். உருண்டையான லென்ஸ் துருத்திக்கொண்டிருக்கும் மினி புரொஜெக்டர் விளக்குகள் இப்போது எங்கும் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கும் முன், கடையின் சுவரில் அடித்துப் பார்த்து, ஒளியின் மேல் விளிம்பு தெளிவாக முடிகிறதா, இரண்டு விளக்குகளின் விளிம்பும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தாலே தரம் பாதி விளங்கிவிடும்.

அளவுக்கு மீறிய ஒளியும் பார்வையைக் கெடுக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்சக்கரத்துக்கு அருகில் ஐந்து, பத்து மீட்டருக்குள் தரை பளீரென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும். அதனால் தொலைவிலுள்ள மங்கலான பொருள் முன்பைவிடக் குறைவாகவே தெரியும். சாலை நன்றாகத் தெரிகிறது என்ற நிறைவு மனத்தில் இருக்கும், உண்மையில் பார்க்கும் தூரம் சுருங்கியிருக்கும். பச்சைநிற வழிகாட்டிப் பலகைகளின் ஒளிர்தாளில் மோதித் திரும்பி வரும் வெண்ணொளியும் ஓரிரு நொடிகள் கண்ணை மறைத்துவிடும்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்கள்

லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த ஒளி. கேண்டெலா என்பது ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு அடர்த்தியாகச் செல்கிறது என்பது. லக்ஸ் என்பது பொருளின் மீது வந்து விழும் ஒளி. கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். 40,000 கேண்டெலா விளக்கு 100 மீட்டரில் 4 லக்ஸ் தரும், 200 மீட்டரில் 1 லக்ஸ்தான் தரும். முழுநிலவு வெளிச்சமே ஏறத்தாழ கால் லக்ஸ் என்பதை நினைவில் வைத்தால், விளம்பரத்தில் ‘ஒரு லக்ஸ் தூரம்’ என்று காட்டப்படும் எண்ணைப் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள்வது நல்லது என்பது புரியும்.

மலிவான விளக்குகளில் அச்சிடப்படும் வாட் எண்ணை நம்பவே வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விளக்கில் 200 வாட் என்று எழுதியிருந்தால், அது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ விளக்கு வாங்கும்போது, ஒரு பேட்டரியில் இணைத்து, மின்சாரம் செல்லும் வழியிலேயே ஒரு மல்டிமீட்டரை வைத்து ஆம்பியரைக் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் ஒன்றரை ஆம்பியர் காட்டினால் அது 20 வாட்டுக்குக் குறைவான விளக்கு. நல்ல லென்ஸ் இருந்தால் அந்த 20 வாட்டே போதுமானது. சில நிமிடங்கள் எரியவிட்டு, வெப்பத்தை வெளியேற்றும் பின்புறத் துடுப்புகளைத் தொட்டுப் பாருங்கள். வெப்பம் அங்கே சீராக வந்து சேர வேண்டும். முகப்பு மட்டும் சுட்டு, துடுப்புகள் குளிர்ந்திருந்தால் எல்.இ.டி.யின் சூடு வெளியேறவில்லை என்று பொருள். அத்தகைய விளக்கின் ஒளி ஓட ஓடக் குறையும், ஆயுளும் குறையும்.

நீர்புகாத் தன்மைக்கு ஐ.பி.67 என்பது குறைந்தபட்சத் தேவை. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் லென்ஸில் பொறிக்கப்பட்டிருந்தால் ஐரோப்பிய ஒளி விதிகளின்படி சோதிக்கப்பட்டது என்று கொள்ளலாம். ஹெல்லா, பியா, டெனாலி போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் விளக்குகளை வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒளியின் ஒரு பக்கம் மட்டும் மேலே உயரும் வகையாக இருந்தால், அது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானதா என்று கேட்டறியுங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கு நம் சாலையில் எதிரே வருபவரின் கண்ணில்தான் ஒளியை ஏற்றும்.

மஞ்சளா வெள்ளையா என்ற விவாதம் முடிவில்லாமல் நடக்கிறது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எனவே மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்ற நம்பிக்கைக்கு வலுவான அடிப்படை இல்லை. ஆனால் நீலம் கலந்த வெண்ணொளியைவிட மஞ்சள் கண்ணுக்குக் கூச்சம் குறைவாகத் தருகிறது என்பதால், மழையிலும் தூசியிலும் நீண்ட நேரம் ஓட்டும்போது களைப்பு குறைகிறது. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில், அகன்ற கீழ்விளக்குக்கு 3,000 கெல்வின் மஞ்சளும், தூர விளக்குக்கு 5,000 கெல்வினை ஒட்டிய வெள்ளையும் என் தேர்வு. 6,500 கெல்வினுக்கு மேலுள்ள நீலச்சாயல் ஈரத் தார்ச்சாலையில் எனக்குப் பயன்பட்டதில்லை.

மின்சாரம் போதுமா?

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாரிக்கப்படும் இருசக்கர வாகனங்களின் ஹெட்லைட் எஞ்சினோடு தானாகவே எரிகிறது, அணைக்க வழியில்லை. ஆகவே எஞ்சின் சுழலும்போது ஸ்டேட்டர் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஒரு பங்கு எப்போதும் அதற்கே போய்விடுகிறது. உதாரணத்துக்கு, 200 வாட் ஸ்டேட்டர் உள்ள வண்டியில் ஹெட்லைட்டுக்கு 60, எரிபொருள் பம்ப்பும் இக்னிஷனும் சேர்ந்து 60, பின்விளக்கு, மீட்டர் முதலியவற்றுக்கு 15 என்று வைத்தால் மீதம் 65 வாட். பேட்டரி சார்ஜ் ஆவதற்கும் ஒரு பகுதியை விட்டுவிட்டால், இரண்டு விளக்குகளும் சேர்ந்து 40 வாட்டைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு. 200 வாட் என்பதும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுழலும்போதுதான். ஐடிலிங்கில் பாதிகூட வராது. பொருத்திய பின் எல்லாவற்றையும் எரியவிட்டு, எஞ்சின் வேகத்தைச் சற்று உயர்த்திப் பிடித்து பேட்டரியை அளந்தால் 13.5 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 12.8க்குக் கீழே நின்றால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது.

வயரிங்கில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. தூர விளக்கின் ரிலேயை இயக்கும் கம்பியை ஹை பீம் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால், எதிரே லாரி வரும்போது இடது கட்டைவிரல் டிப் சுவிட்சைத் தட்டியதும் ஹெட்லைட்டோடு கூடுதல் விளக்கும் அணைந்துவிடும்; தனியாக இன்னொரு சுவிட்சைத் தேட வேண்டியதில்லை. தனிச் சுவிட்சில் மட்டும் இயங்கும் விளக்கை அணைக்க மறப்பது இயல்பு, அந்த மறதியின் விலையைக் கொடுப்பவர் எதிரே வருபவர். கண் கூசிய ஓட்டுநர் அடுத்த சில நொடிகளுக்குச் சாலையைப் பார்க்காமலேயே நம்மை நோக்கி வருகிறார்.

மற்றவை வழக்கமானவை. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 எனக் குறித்த முனை, 87இலிருந்து விளக்குக்கு, 86இல் ஹை பீம் கம்பி வழியாக வரும் சுவிட்ச், 85 எர்த். 40 வாட் ஜோடிக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர்தான் ஓடும். 5 ஆம்பியர் ஃபியூஸும் ஒரு சதுர மில்லிமீட்டர் வயரும் போதும். அகன்ற விளக்கின் ரிலேக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு கம்பியைக் கொடுக்கலாம். கம்பெனி வயரை வெட்டாமல், கப்ளரோடு வரும் ஹார்னஸாக (ஆயத்த வயர்க் கட்டாக) வாங்குங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதி, எட்டு மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஓட்டுநரால் அப்படித் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வண்டியின் நிறுவனமே அதற்கான துணை விளக்கை விற்கிறதென்றால், ராயல் என்ஃபீல்டு சில மாடல்களுக்கு விற்பதைப் போல, முதலில் அதையே பாருங்கள்.

பொருத்துவதும் நேர்ப்படுத்துவதும்

அகன்ற விளக்கைக் கிராஷ் கார்டில் தாழ்வாகவும், தூர விளக்கை ஹெட்லைட்டுக்கு அருகில் உயரமாகவும் வைப்பது நல்லது. ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வில் சாதாரண நட்டு தளர்ந்துவிடும் என்பதால் நைலான் பூட்டுள்ள நட்டைப் போடுங்கள்.

நேர்ப்படுத்தும்போது வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தக் கூடாது. காற்றழுத்தம் சரிபார்த்து, நீங்கள் ஏறி அமர்ந்து, வழக்கமாகப் பின்னால் அமர்பவரையோ சாமான்களையோ ஏற்றிக்கொண்டு, சமதரையில் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். பின்பக்கம் எடை ஏறினால் முன்பக்கம் நிமிர்ந்து ஒளி மேலே போய்விடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. விளக்கின் நடுமையம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அகன்ற விளக்கின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் கீழே வருமாறு திருப்புங்கள். 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி அப்போது 35 மீட்டரில் தரையைத் தொடும். தூர விளக்கின் ஒளிமையத்துக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம் போதும்.

பிறகு ஆளில்லாத ஒரு சாலையில், நண்பரை எட்டு மீட்டர் முன்னால் நிறுத்தி, காரில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்குக் குனிந்து அகன்ற விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கூசினால் இன்னும் இறக்குங்கள். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிவிட்டு, சுவரில் அந்தக் கோட்டோடு மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.