நாயோடு படகில் கிளம்ப

சிங்கப்பூரின் பாய லேபார் விமானப்படைத் தளத்தில் விமான எஞ்சின்களோடு 28 வருடம் கிடந்தவன் நான். ஓய்வுக்குப் பின் படகு. முதலில் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உல்லாசப் படகு உரிமம் எடுங்கள். எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு.

அப்புறம் நாய். கரையில் கட்டிய படகிலேயே சில நாள் சும்மா உட்கார வையுங்கள், எஞ்சின் பிறகு. முதுகில் கைப்பிடி வைத்த லைஃப் ஜாக்கெட் கட்டாயம். என் மணி ஒருமுறை நழுவி விழுந்தான். அந்தப் பிடியைப் பற்றித்தான் தூக்கினேன், இருபது கிலோ! கழுத்துக் கயிற்றைப் படகில் கட்டவே கூடாது. வெயிலில் தளம் பாதத்தைச் சுடும், ரப்பர் பாய் விரியுங்கள். குடிதண்ணீர் நிறைய வேண்டும். கடல்நீரை நக்கினால் வாந்திதான்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் மேற்கே சுமத்ரா தீவுப் பக்கமிருந்து ‘சுமத்ரா சூறைக்காற்று’ வீசக்கூடும். மேற்கே கறுத்திருந்தால் கிளம்பாதீர்கள், நாய் எவ்வளவு குரைத்தாலும் சரி.