வீட்டுக்காரர் இல்லாத அம்மாக்களுக்கு: பிள்ளைக்கு மாசம் 4000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப் வாங்குறது எப்படி

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வீட்டுக்காரர் தவறிட்டாரு, ரெண்டு பிள்ளைங்க. "ரெண்டையும் ஹோம்ல விட்டுடவா தம்பி"ன்னு அவங்க கேட்ட அன்னிக்குத்தான் இதுக்கு அலைய ஆரம்பிச்சேன். வறுமைக்காக பிள்ளையை அம்மாகிட்டருந்து பிரிக்கக்கூடாதுன்னுதான் மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யால இந்த உதவி இருக்கு. அதிகபட்சம் 18 வயசு வரைக்கும் குடுப்பாங்க. கணவர் இறந்தவங்க, கைவிடப்பட்டவங்க, பெத்தவங்க இல்லாம தாத்தா பாட்டிகிட்ட வளர்ற பிள்ளைங்க எல்லாரும் கேக்கலாம்.

1. ஆதார், ரேஷன் கார்டு, பிறப்பு, இறப்பு சான்றிதழ், ஸ்கூல் போனஃபைடு (பிள்ளை அங்க படிக்குதுன்னு ஸ்கூல்ல தர்ற சான்று), பாஸ்புக். எல்லாத்துலயும் ரெண்டு ஜெராக்ஸ்.

2. வருமானச் சான்றிதழ். நாங்க மாட்டுனது இங்கதான். கிராமம்னா வருஷத்துக்கு 72,000, டவுன்னா 96,000, அதைத் தாண்டக் கூடாது. ரேஷன் கார்டுல இறந்தவர் பேரை எடுக்காமலே இ-சேவைல அப்ளை பண்ணிட்டோம், அவர் சம்பாத்தியத்தையும் சேர்த்து 90,000னு சான்றிதழ் வந்துடுச்சு, மனு அப்படியே நின்னுபோச்சு. அப்புறம் கார்டுல பேரை நீக்கிட்டு மறுபடி அப்ளை பண்ணி விஏஓவை நேர்ல பாத்தோம். அக்கா முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த நூறுநாள் வேலை அட்டையை எடுத்து விரிச்சாங்க, மடிப்பெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு, அவரும் ஒவ்வொரு பக்கமா பாத்துட்டு இப்போதைய கூலியை மட்டும் கணக்குல எடுத்துக்கிட்டாரு. அதனால முதல்ல இறப்புச் சான்றிதழ், அடுத்து ரேஷன் கார்டு, அப்புறம்தான் வருமானம். இந்த வரிசையை மாத்தாதீங்க.

3. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுங்க. பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயோ பக்கத்துலயோ இருக்கும். தபால்ல அனுப்புறதை விட நேர்ல போறதுதான் என் சாய்ஸ், மனு நகல்ல சீல் போட்டு வாங்கிக்கலாம். இதுக்கு ஃபீஸ் கிடையாது, புரோக்கருக்கு அஞ்சு பைசா குடுக்காதீங்க.

4. வீட்டுக்கு விசாரணைக்கு வருவாங்க. பயப்பட வேண்டாம், கடன், வாடகை, மருந்துச் செலவு எதையும் மறைக்காம சொல்லுங்க. அக்கா கூச்சப்பட்டு கடனைச் சொல்லல, நான் சொல்ல வேண்டியதாப் போச்சு.

5. கமிட்டி ஒப்புதல் குடுத்ததும் பணம் அக்கவுண்ட்டுக்கு வரும். ரொம்ப நாள் வரவு செலவு இல்லாத அக்கவுண்ட்னா முன்னாடியே பேங்க்ல போய் உயிர்ப்பிச்சு வச்சிருங்க.

பின்சேர்க்கை: அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லாத பிள்ளைங்களைப் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. 2025 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச அன்புக்கரங்கள் திட்டத்துல மாசம் 2000 ரூபாய் குடுக்குறாங்க, அதையும் விசாரிங்க. பிள்ளை ஆபத்துல இருக்குன்னா மனுவெல்லாம் அப்புறம், உடனே 1098க்கு போன் போடுங்க.

இன்னொண்ணு, பிள்ளை ஸ்கூலுக்கு ஒழுங்கா போகணும், இல்லன்னா உதவியை நிறுத்தலாம். காய்ச்சல்னு நாலு நாள் லீவு எடுத்தாலும் டீச்சர்கிட்ட லெட்டர் குடுத்துருங்க.